அறுபது கடிதமும் எண்பத்தேழு வருசமும்

அமெரிக்காவிலிருந்து ஒரு கதை இறக்குமதியாகி நம்ம பிள்ளைகள் மத்தியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவனுக்குத் தைரியம் சொல்லும் கதையாம். கேத்ரின் ஸ்டாக்கெட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி 'தி ஹெல்ப்' என்று ஒரு நாவல் எழுதினார். அதைத் தூக்கிக்கொண்டு மூன்றரை வருசம் இலக்கிய முகவர்கள் வாசலில் நின்றார். 60 முறை முடியாது என்று பதில் வந்தது. 61ஆவது ஆள் சரி என்றார். 2009இல் புத்தகம் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது, 2011இல் சினிமாவாகவும் ஆயிற்று. அதனால தம்பி, அதனால தங்கச்சி, மனசு விடாதே, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், அனுப்பிக்கொண்டே இரு.

நகரும்தான். யார் அடித்தால் நகரும் என்பது நம்ம கேள்வி.

அந்த நாவல் எதைப் பற்றியது என்பதை மட்டும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை. 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரத்தில், வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்து, பிள்ளை வளர்த்து, பீத்துணி அலசிய கறுப்பினப் பெண்களைப் பற்றியது. வேலைக்காரிக்குத் தனிக் கக்கூஸ் கட்டியே ஆகணும் என்று ஒரு எஜமானியம்மா ஊரைத் திரட்டுவது அதில் முக்கியமான சங்கதி. தனிக் கிளாஸ் பார்த்த நமக்குத் தனிக் கக்கூஸைப் புரியவைக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் வாயால், அந்தப் பெண்களின் பேச்சுமொழியிலேயே, 'நான்' 'நான்' என்று எழுதியவர் வேலைக்காரி இருந்த வீட்டில் வளர்ந்தவர். அவருடைய சகோதரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண் ஒருவர், தன் பேரையும் உருவத்தையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்று 2011இல் வழக்குப் போட்டார. வழக்குப் போடுவதற்கான கெடு தாண்டிவிட்டது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தாமதமாக வந்தவரின் மனு அது. அதுவும் ஒரு நிராகரிப்புத்தான். அதை வைத்து யாரும் தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கதையை வைக்கிறேன்.

ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1927, 28 வாக்கில் அலபாமா மாநிலத்தில் மொபைல் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு குடியிருப்புக்குப் போனார். அங்கே குட்ஜோ லூயிஸ் என்ற கிழவர் இருந்தார். அவருக்கு ஆத்தா அப்பன் வைத்த பேர் கொசோலா. அடிமைகளை வெளியிலிருந்து கொண்டுவருவது சட்டப்படி குற்றமாகி அரை நூற்றாண்டு ஆனபிறகும், 1860இல் க்ளோடில்டா என்ற கப்பலில் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட கூட்டத்தில் ஒருவர். ஹர்ஸ்டன் அவருக்குப் பழம் கொண்டுபோய்க் கொடுத்து, திண்ணையில் உட்கார்ந்து, அவர் பேசுகிற நாளில் கேட்டு, பேசாத நாளில் சும்மா இருந்து, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினார். 1931இல் எழுதி முடித்தாயிற்று. வைக்கிங் பதிப்பகம் போடத் தயார், ஆனால் ஒரு நிபந்தனை. இப்படிப் பேச்சுவழக்கில் வேண்டாம், மொழியில் எழுதிக்கொடு.

மொழியில் எழுதணுமாம். அப்போ அந்தக் கிழவர் பேசினது என்னய்யா, குரைச்சலா?

ஹர்ஸ்டன் மாற்ற முடியாது என்றார். பிரதி ஹோவர்ட் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடந்தது. 'பாரகூன்' என்ற பெயரில் 2018இல் அச்சாயிற்று. 87 வருசம். கொசோலாவும் இல்லை, ஹர்ஸ்டனும் இல்லை. ஹர்ஸ்டன் 1960இல் ஃப்ளோரிடாவில் அரசு நலவிடுதி ஒன்றில் காசில்லாமல் செத்தார். 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கல் நடும்வரைக்கும் அந்தக் குழிக்கு அடையாளம்கூடக் கிடையாது. இன்னொன்று சொல்லணும். 1950இல், பேர்பெற்ற பத்திரிகை ஒன்றில் தன் கதை வந்துகொண்டிருந்த சமயத்திலேயே, அவர் மயாமியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார்.

ஆக, வேலைக்காரியின் பேச்சை வெள்ளைக்கார எசமானி வீட்டுப் பெண் எழுதினால் 60 கடிதத்தில் கதவு திறக்கிறது. அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரியே, தானே வேலைக்காரியாகவும் இருந்தவள், எழுதினால் 87 வருசம். இரண்டையும் 'நிராகரிப்பு' என்று ஒரே பேரால் அழைக்கிறார்கள்.

தமிழிலே இது நமக்குத் தெரியாத கூத்தா? நம்ம தெருப் பேச்சை அவுங்க எழுதினா வட்டார வழக்கு, மண் வாசனை. நாம எழுதினா கொச்சை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது போட்டது பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை, மதுரை அய்டியாஸ் மய்யம். அந்த மொழியைப் பார்த்து மூக்கைப் பிடித்தவர்கள் உண்டு. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் இங்கிலீஷ் ஆக்கி 2000இல் மேக்மில்லன் போட்டு, கிராஸ்வேர்ட் பரிசும் வந்தபிறகு மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள். எடுத்த கையாலேயே கைதட்டினார்கள்.

இப்போது நம்ம பிள்ளைகளில் சிலர் நேராக இங்கிலீசிலேயே எழுதுகிறார்கள். சிலருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பிப் பார்க்கிறார்கள். அனுப்பட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, எங்க பக்கத்து ஊர்க் காலனி, முதல் தலைமுறைப் பட்டதாரி, 43 முகவர்களுக்கு அனுப்பியது. 19 பேரிடமிருந்து அச்சடித்த மாதிரி பதில். மிச்சம் 24 பேர் பதிலே போடவில்லை. அதன்பிறகு அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி எட்டு மாசம் ஆகிறது. 'நமக்கு வரலண்ணே' என்கிறது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அந்தத் தரகர் உலகம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளணும். தெரியாதவனுக்குத்தான் அது விதி மாதிரித் தெரியும். லண்டனில் ஏ.பி. வாட் என்பவர் 1870களில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். எழுத்தாளனுக்காகப் பதிப்பாளனிடம் பேரம் பேசுவது, வந்த பணத்தில் பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்வது. இன்றைக்கு உள்நாட்டு உரிமைக்கு நூற்றுக்கு 15, வெளிநாட்டு உரிமைக்கு 20 என்பது சாதாரணம். அங்கே இருக்கிற அய்ந்து பெரும் பதிப்பகங்களும் முகவர் வழியாக வராத பிரதியைப் பொதுவாகத் தொடுவதில்லை. எனவே எழுத்தாளன் முதலில் முகவரைப் பிடிக்கணும். ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் பத்துப் பக்கமோ மூன்று அத்தியாயமோ. அவ்வளவுதான் வாசல். உள்ளே ஒருத்தர், பெரும்பாலும் சம்பளம் குறைந்த உதவியாள், நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததைத் தள்ளிக்கொண்டே போவார். முகவருக்குப் படிப்பதற்குக் கூலி கிடையாது. விற்றால்தான் காசு. ஆகையால் அவர் கேட்டுக்கொள்கிற கேள்வி 'நல்லா இருக்கா' என்பது மட்டுமில்லை. 'எனக்குத் தெரிந்த எந்தப் பதிப்பாசிரியர் இதை வாங்குவார்' என்பது. அவருக்குத் தெரிந்த பதிப்பாசிரியர் யார்? அவரோடு படித்தவர், அவரோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறவர். சமபந்தி விருந்துதான், நமக்கு இலை போடாத சமபந்தி.

கணக்கும் இருக்கிறது. 2020இல் நியூயார்க் டைம்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1950லிருந்து 2018வரை அமெரிக்கப் பெரும் பதிப்பகங்கள் போட்ட புனைகதைகளில், எழுதியவரின் இனம் தெரியவந்த 7,124 புத்தகங்களில் 95 விழுக்காடு வெள்ளையர் எழுதியது. 2018ஆம் வருசத்தை மட்டும் எடுத்தாலும் வெள்ளையரல்லாதார் பங்கு 11 விழுக்காடுதான். லீ அண்டு லோ பதிப்பகம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில் இலக்கிய முகவர்களில் 80 விழுக்காடு வெள்ளையர். அதே 2020இல் எழுத்தாளர்கள் தங்களுக்குக் கொடுத்த முன்பணத்தை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். 2011இல் அமெரிக்க தேசியப் புத்தக விருது வாங்கிய ஜெஸ்மின் வார்ட், அந்த விருதுக்குப் பிறகும் அடுத்த நாவலுக்கு 1 லட்சம் டாலர் வாங்கச் சண்டை போடவேண்டியிருந்தது என்றார். விருது வாங்கிய கறுப்பினப் பெண்ணுக்கே இந்தக் கதி.

அங்கே சாதிக் கணக்கு யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் தெற்காசியர் என்று ஒரே கட்டத்தில் அடைத்துவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்குள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாமளே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1996இல் அருந்ததி ராயின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு லண்டன் முகவர் டேவிட் காட்வின் விமானம் ஏறி டெல்லிக்கு வந்தார். மறுவருசம் புக்கர் பரிசு. அந்த நாவலில் போலீஸ் அடித்தே கொல்கிற வெளுத்தா யார்? ஒரு பரவன், தீண்டத்தகாதவன். ராய் எழுதத் தெரிந்தவர், அவரோடு எனக்குச் சண்டையில்லை. நான் கேட்பது விமானத்தைப் பற்றி. வெளுத்தாவின் தங்கச்சியோ மகனோ எழுதியிருந்தால் அந்த விமானம் கிளம்பியிருக்குமா? சுஜாதா கிட்லாவின் புத்தகம் 2017இல் நியூயார்க்கில் பெரிய பதிப்பகம் வழியாக வந்ததே என்பீர்கள். வந்தது, சந்தோசம். அவர் அங்கே ஒரு வங்கியில் கணினி வேலை பார்த்து, 2009இல் வேலை போய், சப்வே ரயிலில் கண்டக்டராக இருந்துகொண்டு எழுதியவர். ஒருத்தர் நுழைந்ததைக் காட்டி வாசல் திறந்திருக்கிறது என்று சொல்வது கோயில் நுழைவுக் காலத்திலேயே பார்த்த தந்திரம்.

இப்போ ஆறுதல் வார்த்தைக்கு வருகிறேன். 'பர்சனலா எடுத்துக்காதே.' எல்லா ஆறுதலும் இதில்தான் வந்து முடிகிறது. உன்னை மறுக்கவில்லை, உன் பிரதியைத்தான் மறுத்தார்கள் என்கிறார்கள். சாதி இந்துப் பையனுக்கு இது பொருந்தலாம். அவன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கதவு மூடிப் பார்க்கிறான், பாவம், ஆறுதல் வேண்டும். நமக்கு? வாடகைக்கு வீடு கேட்டபோது 'இப்பத்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்' என்று வந்த பதிலும், முகவரிடமிருந்து 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை' என்று வருகிற பதிலும் ஒரே குரலில் இருக்கிறது. இரண்டிலும் மரியாதை குறையாது. இரண்டிலும் காரணம் இருக்காது.

நான் வங்கியில் எழுத்தர். காரணம் எழுதுவது எங்கள் தொழில். ஒரு காசோலை திரும்பினால்கூடக் காரணச்சீட்டு இல்லாமல் திரும்பாது. பணம் போதாது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தேதி காலாவதி, எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபடுகிறது. வந்தவர் சண்டைக்கு வந்தாலும் சீட்டைக் காட்டலாம், அவரும் சரிசெய்துகொண்டு வரலாம். இதில் ஒன்று மட்டும் விசேசமானது. 'ரெஃபர் டு டிராயர்' என்று ஒரு காரணம். எழுதிக் கொடுத்தவனையே போய்க் கேள் என்று அர்த்தம். காரணம் சொல்லாமல் சொல்கிற காரணம், நாகரிகமான மழுப்பல். முகவர்கள் அனுப்புகிற கடிதம் பூராவும் ரெஃபர் டு டிராயர்தான். 'இதன்மேல் எனக்குப் போதுமான காதல் வரவில்லை', 'பாத்திரங்களோடு ஒட்ட முடியவில்லை'. ஏன் ஒட்ட முடியவில்லை? அதைத்தானே சொல்லணும்.

இன்னொரு விசயமும் எங்கள் மேசையில் உண்டு, நம்ம தோழர்கள் பலருக்கே தெரியாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் கடன் கேட்டுக் கொடுக்கிற மனுவைக் கிளை மட்டத்திலேயே நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்மட்டத்தில்தான் நிராகரிக்கலாம், காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே இருக்கிறது. மேனேஜர் நம்ம ஆள் மூஞ்சியைப் பார்த்துவிட்டு 'போய்யா' என்று சொல்லிவிட முடியாது, ஏட்டளவிலாவது. நடைமுறையில் மனுவையே வாங்காமல் திருப்பி அனுப்புவது எப்படி என்பதையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் விதி விதிதான், அதைக் காட்டிச் சண்டை போடலாம். நான் போட்டிருக்கிறேன். ஓர் எருமைமாட்டுக் கடனுக்கு இருக்கிற நியாயம் ஒரு நாவலுக்குக் கிடையாது. இலக்கியத்தில் மறுப்பவனுக்கு மேல்மட்டம் இல்லை, பதிவேடு இல்லை, காரணம் எழுதும் கட்டாயம் இல்லை. 'ரசனை' என்று ஒற்றைச் சொல் போதும். நம்ம ஊர் இலக்கிய சனாதனிகள் 'தரம்' என்பார்கள்.

காரணம் சொன்ன சமயங்களும் உண்டு. சாமுவேல் டிலேனி என்ற கறுப்பின எழுத்தாளர் 'நோவா' என்ற அறிவியல் நாவலை 1967இல் எழுதினார். 'அனலாக்' பத்திரிகையில் தொடராகப் போடக் கேட்டபோது அதன் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் டிலேனியின் முகவருக்குப் போன் போட்டார். நாவல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கறுப்பின நாயகனோடு என் வாசகர்கள் ஒட்டமாட்டார்கள். பாருங்கள், அதே 'ஒட்டமாட்டார்கள்'. தனக்கு ஒன்றுமில்லையாம், வாசகன்தான் காரணமாம். ஊர்க்காரர்கள் ஒத்துக்கமாட்டாங்க, நான் வேண்டாம்னா சொல்றேன் என்று நம்ம ஊர்ப் பெரிய மனுசன் சொல்வது இந்த ராகம்தான். ஜேம்ஸ் பால்ட்வின் 'ஜியோவானியின் அறை' எழுதியபோது முதல் நாவலைப் போட்ட பதிப்பகமே மறுத்தது. அவருடைய முகவர் அதைக் கொளுத்திப்போடச் சொன்னார் என்று பால்ட்வின் பின்னால் சொல்லியிருக்கிறார். மறுத்தவனில்லை, 15 விழுக்காடோ 10 விழுக்காடோ வாங்கிக்கொண்டு நமக்காகப் பேசவேண்டிய ஆள். பால்ட்வின் கொளுத்தவில்லை. லண்டனில் வேறொரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 1956இல் அமெரிக்காவிலும் வந்தது. முகவர் கிடைத்துவிட்டால் மோட்சம் என்று நினைக்கிற தம்பிமார்கள் இதைக் கவனிக்கணும்.

மறுப்பதில் இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் மோசமானது. உன்னிடம் இருப்பதை வேண்டாம் என்று சொல்லி, உன்னிடம் இதுதான் இருக்கணும் என்று கேட்பது. ஹர்ஸ்டன் 1950லேயே, வெள்ளைப் பதிப்பாளர்கள் எதை அச்சடிக்கமாட்டார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பர்களின் சாதாரண வாழ்க்கை, சாதாரணக் காதல், உள்மனசு இதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம் என்றார். பெர்சிவல் எவரெட்டின் 'எரேஷர்' நாவல் 2001இல் வந்தது, 2023இல் சினிமாவும் ஆயிற்று. அதில் வருகிற எழுத்தாளனின் பிரதி திரும்பித் திரும்பி வரும். காரணம், இதில் கறுப்புத்தன்மை போதவில்லை. நம்மிடம் கேட்கிறார்களே அதே மாதிரி. மலம் அள்ளினதை எழுது, அடிபட்டதை எழுது, அம்மணமாக்கினதை எழுது, அழு. எங்கள் வாசகருக்குக் கண்ணீர் வரணும். நான் ஒருமுறை மழை பற்றிய கவிதைகளைப் பெரிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். 'உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்' என்று பதில் வந்தது. எங்க தெருவில் மழை பெய்வதில்லை போலிருக்கிறது.

நிராகரிப்பைச் சமாளிப்பது எப்படி என்று வெளியே பாடம் தேடவேண்டியதில்லை. நம்ம வீட்டிலேயே இருக்கிறது. 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல், சாதியை ஒழிக்கக் கிளம்பிய சாதி இந்துக்களின் சங்கம், தங்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரைக் கூப்பிட்டது. உரையை அனுப்பிவைத்தார். படித்தவுடன் வயிற்றைக் கலக்கிவிட்டது. இந்த இடத்தை நீக்குங்கள், அந்த இடத்தை மெதுவாக்குங்கள் என்றார்கள். சுத்தமான பதிப்பாசிரியர் பாசை. ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டேன் என்று எழுதினார். மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் என்ன செய்தார்? சொந்தக் காசில் 1,500 பிரதி அச்சடித்தார். இரண்டு மாசத்தில் தீர்ந்துபோயிற்று. இரண்டாம் பதிப்பு 1937இல் வருவதற்குள் தமிழில் வந்துவிட்டது, 'குடி அரசு' செய்த வேலை. மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் புத்தகத்தின் முன்னால் சேர்த்தே அச்சடித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். நிராகரிப்புக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து அழவில்லை, முன்னுரையாக்கினார்.

அவருக்கும் எல்லா முறையும் அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லணும். சாவதற்கு மூன்று மாசத்துக்கு முன், 1956 செப்டம்பரில், 'புத்தரும் அவர் தம்மமும்' அச்சுச் செலவு தாங்காமல், அரசாங்கம் 500 பிரதி வாங்கிக்கொள்ள முடியுமா என்று நேருவுக்கு எழுதினார். புத்த ஜெயந்தி வெளியீடுகளுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அரசியல் சட்டத்தை வரைந்த கைக்கு 500 பிரதி இல்லை. புத்தகம் 1957இல் வந்தது, பார்க்க அவர் இல்லை. இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. இதில் ஆறுதல் எதுவும் இல்லை.

'இதெல்லாம் எதுக்கு, தலித் எழுத்தாளனுக்கு லண்டன் முகவர் எதுக்கு, இது மத்தியதர ஆசை' என்று ஒரு தோழர் கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி மாதிரித் தெரியும். பால் ரெவியர் ரெனால்ட்ஸ் நியூயார்க்கில் முகவர் தொழில் தொடங்கிய வருசம் 1893 என்பார்கள். அதே 1893இல் சென்னையில் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். யாருடைய சிபாரிசுக்கும் காத்திராமல், எந்தப் பேரைச் சொல்லி ஊர் ஏசியதோ அந்தப் பேரையே தலைப்பில் போட்டு. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்'. நமக்கு அச்சு புதிதில்லை, சொந்தப் பத்திரிகை புதிதில்லை. ஆனால் அந்தச் சீனிவாசனே வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனவர். அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தவர். நம்ம சிறுபத்திரிகை வேணுமா, அவுங்க பதிப்பகம் வேணுமா என்று நம்மை மட்டும் ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்? அய்யர் வீட்டுப் பையன் இங்கிலீசில் நாவல் எழுதினால் அது சாதனை, நம்ம பிள்ளை எழுதினால் மத்தியதர ஆசையா? இரண்டு கதவும் நமக்கு வேணும். ஒன்று நாம கட்டின கதவு, இன்னொன்று தட்டி உடைக்கவேண்டிய கதவு.

இந்தப் பக்கமும் ஒன்று சொல்லியாகணும். வருகிற மறுப்பெல்லாம் சாதி இல்லை. சில பிரதி நிஜமாகவே வேகவில்லை. எல்லாவற்றையும் சாதிமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வேகாத சோற்றையே பரிமாறிக்கொண்டிருப்போம். எது எதனால் திரும்பியது என்று ஒற்றைக் கடிதத்தை வைத்துச் சொல்லமுடியாது. கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அதற்குத்தான் பதிவேடு. அந்தத் தங்கச்சிக்கு நான் போட்டுக்கொடுத்தது கோடு போட்ட சாதா நோட்டு. அனுப்பிய தேதி, யாருக்கு, எந்தத் திருத்தம், என்ன பதில், பதில் வந்த தேதி. 43 பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்பியது அந்தப் பொண்ணு. அப்படிச் செய்தால் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. எட்டெட்டுப் பேராக அனுப்பு. எட்டுப் பேரும் முதல் கடிதத்திலேயே தள்ளினால் கடிதத்தையும் முதல் பத்துப் பக்கத்தையும் மாற்று. அதன்பிறகு அடுத்த எட்டு. முழுப் பிரதியும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மறுத்தால் கோளாறு உள்ளே இருக்கலாம், நாலு தோழர்களைக் கூட்டிச் சத்தமாகப் படி. எங்கே எல்லாரும் டீ குடிக்க எழுந்து போகிறார்களோ அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள். கையால் எழுதி இரண்டு வரி காரணம் சொன்ன முகவர் இருந்தால் அவர் பேருக்கு நேரே சிவப்பு மசியில் கோடு போடு, அடுத்த புத்தகத்தோடு அவரிடம் போ. மூன்று மாசத்துக்குமேல் பதில் இல்லையென்றால் அதுவே பதில் என்று எழுதி வரியை முடி. கணக்குத் திறந்தே கிடந்தால் தூக்கம் வராது, வங்கியில் இது எல்லாருக்கும் தெரியும். மொழியை மாற்றச் சொன்னால், சேரியை மெதுவாக்கச் சொன்னால், அதற்குத் தனிப் பக்கம். அந்தப் பக்கம் நிரம்பினால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்பு, பேரோடு போடுவோமா பேரில்லாமல் போடுவோமா என்று பேசிக்கொள்ளலாம்.

அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்கிற நேரத்தில் அடுத்ததை எழுது. ஆக்டேவியா பட்லர் வீட்டுவேலைக்காரியின் மகள். பாத்திரம் கழுவினார், போனில் சாமான் விற்றார், உருளைக்கிழங்கு சிப்ஸில் பழுது பார்த்துப் பொறுக்கினார். விடியக்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போனார். 1971வாக்கில் இரண்டு கதை விற்றது, அதற்குப் பிறகு அய்ந்து வருசம் ஒன்றும் விற்கவில்லை. அந்த அய்ந்து வருசத்தில் எழுதாமல் இருந்திருந்தால் 1976இல் முதல் நாவல் எங்கிருந்து வந்திருக்கும்?

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது காசு விசயம். மறுப்பு வாங்கி நொந்திருக்கிறவன் முன்னால்தான் மோசடிக்காரன் கடை விரிப்பான். படிப்பதற்குக் கட்டணம், பட்டியலில் சேர்க்கக் கட்டணம், திருத்தித்தரக் கட்டணம் என்று கேட்கிற முகவர் முகவரே இல்லை. ஒழுங்கான முகவருக்கு உன் புத்தகம் விற்ற பிறகுதான் பங்கு. முன்பணமாக ஒத்த ரூபாய் கேட்டாலும் கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு வா, அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.